விமான இரைச்சலுக்கு அரசு செலவில் ஜன்னல், கதவு: அமெரிக்காவில் வீடு வைத்திருப்போருக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பெரிய விமான நிலையம் ஒன்றின் ஓடுபாதைக்கு நேராக உங்கள் வீடு இருந்தால், ஜன்னல், கதவு, காற்றோட்ட வசதி ஆகியவற்றை உங்களுக்குச் செலவில்லாமல் விமான நிலையமே மாற்றித் தர வாய்ப்பு இருக்கிறது. சில சலுகைத் திட்டங்களைப் போல இதில் வருமான வரம்பு கிடையாது. குடியுரிமையும் அளவுகோல் இல்லை. வீடு எந்த இடத்தில் இருக்கிறது, எந்த ஆண்டு கட்டியது, உள்ளே எவ்வளவு சத்தம் வருகிறது என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்றால், நாம் டிக்கெட் வாங்கும்போது கட்டும் வரியிலிருந்துதான். உள்நாட்டு விமான டிக்கெட்டில் 7.5 சதவீத வரி ஒரு தனி நிதிக்குப் போகிறது. அதிலிருந்து மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் (எஃப்ஏஏ) விமான நிலையங்களுக்கு மானியம் தருகிறது. இரைச்சல் குறைப்புக்கு ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. பெரிய விமான நிலையங்களில் செலவின் 80 சதவீதம் வரை இப்படி வரும். மீதியை விமான நிலையம் போடும். அடிப்படைச் சட்டம் 1980இல் வந்தது. நடைமுறை விதிகளுக்கு ‘பார்ட் 150’ என்று பெயர். விமான நிலைய அலுவலகத்துக்குப் போன் போட்டு இந்தப் பெயரைச் சொன்னால் நேராக இரைச்சல் பிரிவுக்கே இணைத்துவிடுவார்கள்.

முதலில் மூன்று எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 65, 45, 5. வீட்டுக்கு வெளியே 65 டெசிபல் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வீட்டுக்குள், எல்லா ஜன்னலையும் மூடிய நிலையில், 45 டெசிபலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். செய்யப்போகும் வேலை குறைந்தது 5 டெசிபலைக் குறைப்பதாக இருக்க வேண்டும். இதில் எது பொருந்தாவிட்டாலும் முழுத் தொகுப்பு கிடைக்காது. பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்த மூன்றில் எங்கோதான் விழுகின்றன. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

படி 1: வரைபடத்தில் வீட்டைத் தேடுங்கள்

விமான நிலையத்தின் இணையதளத்தில் ‘நாய்ஸ் எக்ஸ்போஷர் மேப்’ என்று தேடுங்கள். ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் நீண்ட இதழ்கள் போல வளைகோடுகள் போகும். 65, 70, 75 என்று எண் போட்டிருக்கும். இவைதான் கான்டூர். பல விமான நிலையங்களில் முகவரியைத் தட்டினால் வீடு உள்ளேயா வெளியேயா என்று காட்டும் வசதி உண்டு.

அந்த 65 என்பது ஒரு விமானம் தலைக்கு மேல் போகும்போது கேட்கும் சத்தம் இல்லை. ஓராண்டின் சராசரி நாளுக்கான கணக்கு அது. 24 மணி நேரச் சத்தத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்து, இரவு 10 முதல் காலை 7 வரை பறக்கும் விமானங்களுக்கு மட்டும் 10 டெசிபல் கூட்டிக் கணக்கிடுவார்கள். இந்த அளவுக்கு டிஎன்எல் என்று பெயர். 10 டெசிபல் கூட்டுவது என்றால், ராத்திரி போகும் ஒரு விமானத்தைப் பகலில் போகும் பத்து விமானங்களாகக் கணக்கில் எடுப்பதாக அர்த்தம். கலிஃபோர்னியாவில் சிஎன்இஎல் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். அதில் மாலை 7 முதல் 10 வரையிலும் கூடுதல் சுமை சேர்ப்பார்கள்.

போனில் ஒரு செயலியை இறக்கி, “பாருங்கள், 85 காட்டுகிறது” என்று படம் எடுத்து அனுப்புவதால் பயனில்லை. கான்டூர் என்பது அளந்து போட்ட கோடு கிடையாது. எந்த வகை விமானம், எத்தனை, எந்தப் பாதையில், எந்த நேரத்தில் என்ற தரவை மென்பொருளில் கொடுத்து வரைந்தது. 2015 முதல் ஏஇடிடி என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அடிக்கடி புகார் கொடுத்தாலும் கோடு நகராது. புகார் பதிவாகும், விமானப் பாதை பற்றிய கூட்டங்களில் எண்ணிக்கையாக எடுபடும், அவ்வளவுதான். உங்கள் தகுதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வரைபடத்தின் தேதியையும் பாருங்கள். தற்போதைய நிலைக்கு ஒன்று, ஐந்தாண்டு கழித்து எதிர்பார்க்கும் நிலைக்கு ஒன்று என இரண்டு வரைபடம் இருக்கும். புது விமானங்கள் பழையதைவிட அமைதியானவை என்பதால் பல இடங்களில் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் கோடு சுருங்குகிறது. போன வரைபடத்தில் உள்ளே இருந்த வீடு அடுத்ததில் வெளியே போய்விடலாம். தகுதி இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கோட்டுக்கு ஒரு வீடு தள்ளி இருந்தாலும் விட்டுவிட வேண்டாம். கோடு ஒரு தெருவைப் பாதியில் வெட்டினால் மீதி வீடுகளையும் சேர்த்துக்கொள்ள விதியில் இடமுண்டு. ‘பிளாக் ரவுண்டிங்’ செய்திருக்கிறீர்களா என்று கேளுங்கள்.

சில ஊர்கள் 65க்குக் கீழேயும் போயிருக்கின்றன. மினியாபோலிஸில் 2007இல் நீதிமன்றம் வழியாக ஏற்பட்ட உடன்பாட்டின்படி 60 டிஎன்எல் வரை வீடுகளைச் சேர்த்தார்கள். அது வழக்குப் போட்டுக் கிடைத்தது. பொது விதி இன்னும் 65தான். எஃப்ஏஏ 20 விமான நிலையங்களைச் சுற்றி நடத்திய கருத்துக்கணிப்பு 2021இல் வெளியானபோது, 65 டிஎன்எல் பகுதியில் மிகுந்த தொல்லை என்று சொன்னவர்கள் 60 முதல் 71 சதவீதம் வரை இருந்தார்கள். எத்தனை பேருக்குத் தொல்லை இருக்கும் என்று எஃப்ஏஏ பழைய ஆய்வுகளை வைத்துப் போட்டிருந்த கணிப்போ 12.3 சதவீதம்தான். அப்படியிருந்தும் கோட்டை இன்னும் நகர்த்தவில்லை.

படி 2: கட்டிய ஆண்டைச் சரிபாருங்கள்

1998 அக்டோபர் 1க்குப் பிறகு, இரைச்சல் வரைபடம் வெளியாகியிருந்த பகுதியில் கட்டிய வீடு என்றால் மானியம் கிடைப்பது அரிது. தெரிந்தே கட்டினீர்கள் என்பது அவர்கள் வாதம். நீங்கள் எப்போது வாங்கினீர்கள் என்பதைப் பார்க்க மாட்டார்கள், வீடு எப்போது எழும்பியது என்பதைத்தான் பார்ப்பார்கள். கவுன்டி மதிப்பீட்டாளர் அலுவலக இணையதளத்தில் கட்டிய ஆண்டு இருக்கும்.

அங்கேயே அனுமதிப் பதிவுகளையும் பாருங்கள். முன்பு இருந்தவர் கராஜை அறையாக மாற்றி, அனுமதி வாங்காமல் விட்டிருந்தால் அந்த அறை கணக்கில் வராது. ஆய்வாளர் கண்ணில் பட்டால் வேலையே அதைச் சரிசெய்யும்வரை நிற்கலாம். வீடு வாங்கும் கட்டத்தில் இருப்பவர்கள் இதை அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

படி 3: விண்ணப்பம், கையெழுத்து

படிவம் சிறியது. கேட்பவை: பத்திர நகல், அடையாள அட்டை, கடன் கொடுத்த வங்கியின் விவரம், காண்டோ என்றால் சங்கத்தின் ஒப்புதல். வாடகைக்கு இருப்பவர் விண்ணப்பிக்க முடியாது, உரிமையாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

நம்மவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இங்கே உண்டு. பத்திரத்தில் பெயர் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அப்பா அம்மா பெயரைச் சேர்த்து வாங்கிவிட்டு, அவர்கள் ஊரில் இருந்தால் நோட்டரி முன்னிலையில் கையெழுத்து எப்படி வாங்குவது என்ற கேள்வி கடைசி வாரத்தில் எழும். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி சேவை உண்டு. முன்பதிவு வேண்டும். அதைவிட எளிது, அவர்கள் அமெரிக்கா வந்திருக்கும்போதே இந்த வேலைக்கென்று ஒரு பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்துவிடுவது. எந்த வாசகத்தை ஏற்பார்கள் என்று திட்ட அலுவலகத்தில் முதலில் கேட்டு எழுதுங்கள். குடும்ப டிரஸ்ட் பெயரில் வீடு இருந்தால் டிரஸ்டி யார் என்பதைக் காட்டும் பக்கங்களும் தேவைப்படும்.

விண்ணப்பித்ததும் வேலை தொடங்கிவிடாது. வரிசை இருக்கும். பொதுவாகச் சத்தம் அதிகமான வளையத்திலிருந்து தொடங்கி வெளியே வருவார்கள். ஒவ்வொரு ஆண்டும் வரும் மானியத்துக்கு ஏற்ப ஒரு தொகுதி வீடுகளை எடுப்பார்கள். வருடக்கணக்கில் காத்திருப்பது சாதாரணம்.

காத்திருக்கும் காலத்தில் சொந்தச் செலவில் நல்ல ஜன்னல் போட நினைத்தால், முதலில் அலுவலகத்திடம் விளைவைக் கேட்டுவிடுங்கள். போட்ட பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். அந்த ஜன்னல் காரணமாக உள்ளே 45க்குக் கீழே இறங்கிவிட்டால் திட்டத்திலிருந்தும் விலக நேரிடும்.

படி 4: உள்ளே அளக்கும் நாள்

2012இல் எஃப்ஏஏ வெளியிட்ட வழிகாட்டுதலுக்குப் பிறகு இந்தப் படி கறாராகிவிட்டது. அதற்கு முன், கோட்டுக்குள் இருந்தாலே போதும் என்ற எண்ணத்தில் பல இடங்களில் வேலை நடந்தது. இப்போது உள் அளவும் சேர்ந்து பார்க்கப்படுகிறது.

வருகிறவர்கள் விமானத்துக்காகக் காத்திருப்பதும் உண்டு, பெரும்பாலும் காத்திருப்பதில்லை. வீட்டுக்கு வெளியே பெரிய ஒலிபெருக்கி ஒன்றைச் சுவருக்குச் சுமார் 45 பாகை கோணத்தில் நிறுத்தி, அருவி கொட்டுவது போன்ற ஒரு சீரான இரைச்சலை ஓடவிடுவார்கள். சுவருக்கு வெளியே ஒரு மைக், அறைக்குள் ஒரு மைக். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த அறையின் தடுப்புத் திறன்.

கணக்கு இப்படிப் போகும். வரைபடப்படி உங்கள் வீட்டுக்கு வெளியே 67. அறைகளின் சராசரித் தடுப்பு 20 டெசிபல். 67இல் 20 போனால் 47, தகுதி உண்டு. எதிர் வீடு செங்கல் சுவர், தடுப்பு 24. அங்கே 43, தகுதி இல்லை. ஒரே தெரு, ஒரே விமானம், ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காமல் போவது இப்படித்தான். சாதாரண வீட்டின் தடுப்பு, ஜன்னலை மூடியிருந்தால், 20 டெசிபலை ஒட்டி இருக்கும் என்பது எஃப்ஏஏவின் பொதுவான கணிப்பு. 65 கோட்டின் ஓரத்தில் இருக்கும் வீடுகள் மயிரிழையில் தப்புவதும் விழுவதும் அதனால்தான்.

தூங்கும், உட்காரும், சாப்பிடும், சமைக்கும் அறைகள் மட்டும் கணக்கில் வரும். குளியலறை, நடை, சலவை அறை, கராஜ் வராது. எல்லா அறைக்கும் சேர்த்துச் சராசரி எடுப்பதால், ஓடுபாதையைப் பார்த்த படுக்கையறை எவ்வளவு மோசமாக இருந்தாலும், பின்பக்க அறைகள் அமைதியாக இருந்தால் வீடு தோற்றுப் போகலாம்.

எல்லா வீட்டையும் அளக்க மாட்டார்கள். ஒரே மாதிரி கட்டிய வீடுகளைக் குழுவாகப் பிரித்து, சிலவற்றை மட்டும் மாதிரிக்கு அளந்து, முடிவைக் குழு முழுவதற்கும் பொருத்துவார்கள். உங்கள் வீட்டை எந்தக் குழுவில் போட்டார்கள் என்று கேளுங்கள். மரப்பலகைச் சுவர் வீட்டைச் செங்கல் குழுவில் சேர்த்திருந்தால் ஆட்சேபிக்க நியாயம் இருக்கிறது. எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

தோற்றாலும் கதவு முழுவதும் அடைபடவில்லை. உள்ளே 45க்குக் கீழே இருக்கிறது, ஆனால் ஏசியோ காற்றோட்ட வசதியோ இல்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வாழ முடிகிறது என்றால், காற்றோட்ட வசதி மட்டும் தர விதியில் இடமுண்டு. ஜன்னலைத் திறந்துவிட்டால் தடுப்பு வெகுவாகக் குறைந்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும். தகுதி பெற்ற வீடுகளுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்ட வீட்டுக்கும் சிறிய தொகுப்பு ஒன்று தரலாம். இரண்டையும் அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

படி 5: ஈஸ்மென்ட் பத்திரத்தைப் படியுங்கள்

பல விமான நிலையங்கள் வேலைக்குப் பதிலாக ‘அவிகேஷன் ஈஸ்மென்ட்’ கேட்கும். சான் டியேகோவில் ‘குவைட்டர் ஹோம்’ என்ற பெயரில் நடக்கும் திட்டத்திலும் இது உண்டு. உங்கள் நிலத்துக்கு மேல் பறக்கவும், அதனால் வரும் சத்தத்துக்கும் நீங்கள் அனுமதி கொடுப்பதாக எழுதி, கவுன்டியில் பதிவு செய்வார்கள். வீட்டை விற்றாலும் அது வீட்டோடு போகும்.

பார்க்க வேண்டியவை: சத்தத்துக்கு உச்சவரம்பு ஏதேனும் இருக்கிறதா, பிற்காலத்தில் விமானங்கள் கூடினாலும் வழக்குப் போடும் உரிமையைக் கைவிடுகிறீர்களா, சத்தம் மட்டுமா அல்லது புகை, அதிர்வு, வெளிச்சம் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறார்களா, வேலை நடக்காமல் போனால் பத்திரம் ரத்தாகுமா. கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாமல் கையெழுத்திட வேண்டாம். ரியல் எஸ்டேட் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் கொடுத்துப் படிக்கச் சொல்வதற்கு ஆகும் செலவு, கிடைக்கும் வேலையின் மதிப்பில் சிறு பகுதிதான்.

படி 6: வடிவமைப்பு ஆய்வு

கட்டட வடிவமைப்பாளர் வந்து ஒவ்வொரு திறப்பையும் அளந்து வரைவார். 1978க்கு முன் கட்டிய வீட்டில் ஈயப் பெயின்ட் இருக்கிறதா, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று மாதிரி எடுப்பார்கள். ஐம்பது வயது தாண்டிய வீடு என்றால் வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டப்படி தனி ஆய்வு உண்டு. அதில் வரலாற்று மதிப்புள்ளது என்று தேறிய வீட்டின் முகப்பு ஜன்னலை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, பழைய வடிவத்தையே ஒத்திருக்க வேண்டும்.

ஒலியின் இயல்பைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் வடிவமைப்பாளரிடம் சரியான கேள்வி கேட்கலாம். சத்தம் பெரும்பாலும் சுவர் வழியே வருவதில்லை, ஓட்டை வழியே வருகிறது. 100 சதுர அடிச் சுவரில் 1 சதவீதம், அதாவது ஒரு சதுர அடி திறந்திருந்தால், சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. இன்னும் நெருங்கிப் பாருங்கள். 3 அடிக்கு 7 அடி வாசல் கதவின் சுற்றளவு 20 அடி, அதாவது 240 அங்குலம். சுற்றிலும் பதினாறில் ஒரு அங்குல இடைவெளி இருந்தால் மொத்தம் 15 சதுர அங்குலம். பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இந்த இடுக்கு ஒன்றே அந்தச் சுவரின் தடுப்பை 30 டெசிபலில் நிறுத்திவிடும். விலையுயர்ந்த கண்ணாடி போட்டும் கதவின் கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் பட்டை) சரியில்லை என்றால் பணம் வீண்.

ஜன்னல்: வழக்கமான இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வெப்பத்துக்காகச் செய்தது. இரண்டு கண்ணாடியும் ஒரே தடிமன், நடுவில் அரை அங்குல இடைவெளி. ஒரே தடிமன் என்பதால் இரண்டும் ஒரே அலைவரிசையில் சேர்ந்து அதிர்ந்து சத்தத்தை உள்ளே கடத்திவிடும். ஒலித்தடுப்பு ஜன்னலில் இரண்டு கண்ணாடியும் வேறு வேறு தடிமனில் இருக்கும். ஒன்று நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியாக இருக்கும். இடைவெளியும் அதிகம். சத்தத்தைத் தடுக்கும் திறனைக் காட்டும் எஸ்டிசி என்ற எண்ணைக் கேளுங்கள், எண் கூடினால் தடுப்பும் கூடும். பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் 26 முதல் 28 வரை இருக்கும், ஒலித்தடுப்பு ஜன்னல்கள் 35 முதல் 45 வரை வரும். ஆனால் எஸ்டிசி, வீட்டுக்குள் பேச்சுச் சத்தத்தை மனதில் வைத்து வகுத்த அளவு. விமானத்தின் உறுமலுக்கு ஓஐடிசி என்ற எண்தான் பொருத்தம். இரண்டையும் கேட்டு, இரண்டாவதை வைத்து ஒப்பிடுங்கள்.

படுக்கையறை ஜன்னலில் ஒரு சிக்கல் உண்டு. தீ விபத்தில் தப்பிக்க ஒரு ஜன்னலாவது 5.7 சதுர அடி திறக்க வேண்டும், உயரம் குறைந்தது 24 அங்குலம், அகலம் 20 அங்குலம், தரையிலிருந்து அடிச்சட்டம் 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான கட்டட விதி. ஒலித்தடுப்பு ஜன்னலின் சட்டம் தடிமனானது, திறக்கும் இடத்தைக் குறைத்துவிடும். பழைய சிறிய ஜன்னல்களில் இது கட்டாயம் இடிக்கும். தள்ளும் ஜன்னலுக்குப் பதில் கதவு போலத் திறக்கும் வகையைப் போடுவார்கள். அப்போது வெளியே நடைபாதையை மறிக்கிறதா என்று பாருங்கள்.

கதவு: 1¾ அங்குலத் தடிமனில் உள்ளே வெற்றிடம் இல்லாத மரக்கதவு, சுற்றிலும் கேஸ்கெட், அடியில் மூடும்போது தானாக இறங்கும் அடைப்பான். கதவில் தபால் துவாரம், நாய்க்கதவு இருந்தால் அடைத்துவிடுவார்கள்.

கூரை: பரணில் இன்சுலேஷன் கூட்டுவார்கள், காற்றுத் துவாரங்களுக்கு வளைந்த தடுப்பு போடுவார்கள். பரண் இல்லாத சரிவுக் கூரை என்றால் அதுவே பலவீனமான இடம். உள்ளே இன்னொரு ஜிப்சம் பலகை அடுக்கு தேவையா என்று கேளுங்கள். ஸ்கைலைட்டுக்கு இரண்டாவது கண்ணாடி, புகைபோக்கிக்கு மூடி. சுவரைத் துளைத்து வைத்த ஏசி இருந்தால் எடுத்துவிட்டு மூடச் சொல்லுங்கள், அது கிட்டத்தட்டத் திறந்த ஜன்னல்.

காற்றோட்டம்: ஜன்னலை மூடி வைத்தால்தான் இத்தனையும் பலிக்கும். வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தரும் வசதி வேண்டும். 100 ஆம்ப் மின்பலகை உள்ள பழைய வீடுகளில் கூடுதல் சுமை தாங்குமா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். மாதாந்திர மின்கட்டணமும் ஃபில்டர் மாற்றுவதும் உங்கள் பொறுப்பு. நம் சமையலுக்கு இன்னொன்று. வீடு இறுகிவிட்ட பிறகு தாளிக்கும் நெடி போக வழி இருக்காது. அடுப்புக்கு மேலே உள்ள ஹூட் உள்ளேயே சுற்றிவிடும் வகையா, வெளியேற்றும் வகையா என்று பாருங்கள். வெளியேற்றும் குழாய் இருந்தால் அதை அடைத்துவிடாமல், வளைவும் தடுப்பு மடலும் வைத்துத் தக்கவைக்கச் சொல்லுங்கள்.

திட்டம் எதற்குச் செலவு செய்யாது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே சொல்லிவிடுவார்கள். கரையான் அரித்த சட்டம், ஒழுகும் கூரை, விதிக்குப் புறம்பான பழைய வயரிங் எல்லாம் பொதுவாக உரிமையாளர் தலையில்தான். சரிசெய்துவிட்டு வாருங்கள் என்பார்கள், கெடு ஒன்றும் கொடுப்பார்கள்.

படி 7: வேலை நடக்கும் நாட்கள்

ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் இல்லை. பொது ஏலத்தில் எடுத்தவர் வருவார். ஜன்னல்கள் அளவெடுத்துச் செய்யப்படுவதால் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். எல்லாம் வந்த பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். “இரண்டு ஜன்னல் மட்டும் பிறகு வரும்” என்று தொடங்கினால் ஒப்புக்கொள்ள வேண்டாம், பலகை அடித்த அறையில் யாரும் குடியிருக்க முடியாது.

அதற்கு முன் உங்கள் வேலைகள்: ஒவ்வொரு ஜன்னல், கதவிலிருந்தும் 3, 4 அடி தூரத்துக்குச் சாமான்களை நகர்த்துவது, திரைச்சீலைகளையும் பிளைண்டுகளையும் கழற்றுவது, திருட்டு அலாரத்தின் ஜன்னல் சென்சாரை அந்த நிறுவனத்தை அழைத்து எடுப்பது. புதுச் சட்டத்தின் ஆழம் வேறு என்பதால் பழைய பிளைண்ட் திரும்பப் பொருந்தாமல் போகலாம். புதிதாக வாங்க ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைத் தேதி தெரியப் படம் எடுத்து வைத்தால் பிறகு வாக்குவாதம் இருக்காது.

ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை எப்படி நிரப்புகிறார்கள் என்று நேரில் பாருங்கள். நுரையை மட்டும் பீய்ச்சிவிட்டு மேலே மரப்பட்டை அடித்தால் போதாது. இறுகிப்போகாத ஒலித்தடுப்புச் சீலன்ட் இரு பக்கமும் இடைவிடாமல் ஓட வேண்டும். மரப்பட்டை மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது என்பதால் இந்த இடத்தில்தான் அதிகம் கைவைப்பார்கள்.

படி 8: பஞ்ச் லிஸ்ட், கையெழுத்து

முடிந்ததும் ஒரு பட்டியல் போட்டுக் குறைகளைக் குறிப்பார்கள். அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடிப் பூட்டுங்கள். இருட்டியபின் வாசற்கதவுக்கு வெளியே ஒருவர் டார்ச் அடிக்க, உள்ளிருந்து பாருங்கள். வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே சத்தமும் வரும். ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். கதவை மூடக் கொஞ்சம் அழுத்த வேண்டியிருப்பது குறை இல்லை, கேஸ்கெட் அழுந்துகிறது என்று பொருள். எளிதாக மூட வேண்டும் என்று அதைச் சீவிவிடும் வீடுகளில் அடுத்த மாதமே சத்தம் திரும்பிவிடும்.

சில வீடுகளில் மறுபடி ஒலிபெருக்கியோடு வந்து அளப்பார்கள். அளந்தால் முடிவின் நகலை வாங்கி வையுங்கள்.

பிறகு வரும் தொல்லைகள்

குளிர்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோக்கிறது என்றால் ஜன்னல் பழுது இல்லை. முன்பு இடுக்குகள் வழியே போன ஈரம் இப்போது உள்ளேயே தங்குகிறது. குளியலறை விசிறியை நேரம் கூட்டி ஓடவிடுங்கள், காற்றோட்ட வசதியை அணைத்து வைக்காதீர்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் நீர் கோத்தால்தான் சீல் போயிருக்கிறது. அதற்கு வாரன்டி உண்டு.

எரிவாயு ஹீட்டர், கணப்பு உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். இறுகிய வீட்டில் சமையலறை ஹூட் வேகமாக ஓடும்போது, வெளியேற வேண்டிய புகை குழாய் வழியே உள்ளே இழுபடலாம். வேலை முடிந்ததும் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வெயில் பட்டதும் சட்டத்திலிருந்து நாற்றம் வந்தால் பெயின்ட் வாடை என்று விட்டுவிடாதீர்கள். சிகாகோவின் மிட்வே, ஓஹேர் சுற்றுவட்டாரத்தில் திட்டத்தில் போட்ட ஜன்னல்கள் சில இப்படி நாற்றமெடுத்து, அவற்றை மாற்றித் தரும் வேலையை நகர நிர்வாகம் தனியாக எடுக்க வேண்டியதாயிற்று. தேதியிட்டு எழுதி அனுப்புங்கள், வாரன்டி காலம் ஓடிக்கொண்டே இருக்கும்.

விமானம் இன்னும் கேட்கிறது என்பது பெரும்பாலானோர் சொல்லும் குறை. கேட்கத்தான் செய்யும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியானதாகத் தோன்றும், 5 டெசிபல் குறைந்தால் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். விமானம் எழும்பும்போது வரும் தாழ்ந்த உறுமலைக் கண்ணாடி குறைவாகவே தடுக்கும். வெளிச்சத்தம் தணிந்ததும் ஃபிரிட்ஜின் முனகலும் மாடியில் நடக்கும் சத்தமும் முதன்முறையாகக் காதில் விழும். கொல்லைப்புறத்தில் எதுவும் மாறாது.

திட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள்

கோட்டுக்கு வெகு தொலைவில் இருந்தும் தொல்லைப்படுகிறவர்கள் உண்டு. செயற்கைக்கோள் வழிகாட்டலில் விமானங்கள் நூல் பிடித்தது போல ஒரே பாதையில் போக ஆரம்பித்த பிறகு இது கூடியது. பீனிக்ஸ் நகரில் 2014 செப்டம்பரில் பாதையை மாற்றியபோது பழைய குடியிருப்புகள் மீது விமானங்கள் வரத் தொடங்கின. நகரம் வழக்குப் போட்டு 2017 ஆகஸ்டில் வென்றது. பாதை விஷயத்தில் தனி ஆளாக எழுதுவதைவிட நகராட்சியோ குடியிருப்போர் சங்கமோ இறங்குவதுதான் எடுபடுகிறது.

சொந்தச் செலவில் செய்வதென்றால் வரிசை இது: முதலில் கதவுகளின் கேஸ்கெட்டும் அடி அடைப்பானும். அடுத்து ஜன்னல் இடுக்குகளில் சீலன்ட். பிறகு சுவர் ஏசி, தபால் துவாரம், புகைபோக்கி. அதன்பின் ஓடுபாதைப் பக்கம் பார்த்த படுக்கையறைக்கு மட்டும், இருக்கும் ஜன்னலை விட்டு 2 முதல் 4 அங்குலம் தள்ளி உள்பக்கம் இரண்டாவது லேமினேட்டட் கண்ணாடி. ஜன்னலையே மாற்றுவதைவிட இது மலிவு, பல நேரம் பலனும் கூடுதல். தப்பிக்கும் ஜன்னலில் போடும்போது உள்ளிருந்து ஒரே கையால் கழற்றும்படி இருக்க வேண்டும். பரண் இன்சுலேஷன் கடைசியில்.

கூடவே, வரைபடத்தை அடுத்து எப்போது புதுப்பிக்கிறார்கள் என்று விமான நிலைய இரைச்சல் பிரிவில் கேட்டு, மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துவிடுங்கள். வரைவு வரைபடம் வரும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் தருவார்கள். இரவு விமானங்களின் எண்ணிக்கையையும் ஓடுபாதைப் பயன்பாட்டு விகிதத்தையும் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று கேள்வி எழுப்ப அதுதான் நேரம். ஒரு இரவு விமானம் பத்துப் பகல் விமானத்துக்குச் சமம் என்பதால், அந்த ஒரு எண் மாறினாலே கோடு நகரும்.